ஒரு தலை கூடுதல்

18.5.2025

அன்புள்ள காவேரிக்கு,

"ஜோதிகிட்ட பேசுங்க. எங்கிட்ட சொல்றதா இருந்தா எழுதிப் போடுங்க" என்று போனை வைத்தாய். சரி, எழுதுகிறேன். போனில் மட்டும் என்ன பேசிக் கிழித்தோம்? இரண்டு பக்கமும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டில் ஒரு பொடித் தீவு. ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ போகிற தூரம்தான் இதன் மொத்த நீளம். கடற்கரை ஓரமாக ஒரு சின்ன விடுதி. சின்ன காஞ்சிபுரத்துக் கிறிஸ்டோபர்தான் இங்கே சமையல். அவன் சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். காலையில் மணலில் குடை நட்டு நாற்காலி போடுவது, மாலையில் மடக்கி வைப்பது, நடுவில் தட்டு கழுவுவது, இதுதான் என் வேலை. பதினோரு வருஷம் உன்னோடு ஜோடியாக உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவன் குடை நடுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி, நீ சிரித்து நாளாகிவிட்டது.

இப்போது விஷயம். ஜோதியின் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சனிக்கிழமை தோறும் நீச்சல் குளத்துக்குப் போகிறார்களாம். டவுனில் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம், சொல்லித்தர ஒரு பெண் வாத்தியார் இருக்கிறாராம். "நானும் போறேன்பா, அம்மாகிட்ட சொல்லுப்பா" என்று என்னிடம் கெஞ்சினாள். எட்டு வயது ஆகிறது. இங்கே மூன்று வயதுப் பிள்ளை கையில் காற்றுப் பட்டை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வாத்து மாதிரி நடக்கிறது, அதன் அம்மா ஒரு கை தூரத்தில் கூடவே நடக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஜோதிக்குத் தண்ணீர் தெரிய வேண்டும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

நீ சரி என்று சொன்னால் போதும். யோசித்து எழுது.

உன்,
தனசேகரன்

---

12.6.2025
ஐயம்பேட்டை

ஜோதி அப்பாவுக்கு,

நலம் விசாரித்து ஒரு வரி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.

கடிதம் வந்தது. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். உலகத்தில் இத்தனை வேலை இருக்க, தண்ணீர் ஓரம் நிற்கிற வேலைக்குப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது? தாமல் ஏரிப் பக்கம் போகிற பஸ்ஸில் நான் ஏறி நாலு வருஷம் ஆகப்போகிறது. மழை நாளில் தெருவில் தண்ணீர் நின்றாலே ஜோதியைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். எட்டு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறாளே என்று தெருவே பார்க்கிறது, பார்க்கட்டும். வீட்டில் வாளி நிறையத் தண்ணீர் பிடிப்பதில்லை. அரை வாளிதான், அதுவும் குளித்ததும் கவிழ்த்துவிடுவேன்.

நீச்சல் குளம் கிடையாது. அந்தப் பேச்சே வேண்டாம். பிள்ளையை ஏவிவிட்டு என்னைக் கெட்டவளாக்காதீர்கள்.

மற்றபடி, கோர்வை எடுப்பதில்லை. இடப்பக்கம் நான், வலப்பக்கம் யார்? கரையும் உடலும் ஒரே நிறமாக வருகிற சேலைதான் தனியாக நெய்கிறேன். எதிர்வீட்டு வேலாயுதம் அண்ணன் பாவு நூல் ஓட்டித் தருகிறார். நீங்கள் உட்காருகிற பலகையை எடுத்துப் பரணில் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜோதிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உங்களுக்குப் படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். கடல் என்று நீலமாகத் தீட்டியிருந்தாள். அந்தப் பாதியைக் கிழித்துவிட்டேன். மன்னிக்கவும்.

காவேரி

---

6.7.2025

அன்புள்ள காவேரி,

பாதிப் படம் கிடைத்தது. அதில் நான் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், காலடியில் ஒன்றும் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நீ இப்போதெல்லாம் ஜோதி அப்பா என்று எழுதுகிறாய். முன்னே என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவாய். பரவாயில்லை.

எப்படி மனசு வந்தது என்று கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன். தண்ணீரை விட்டு விலகி இருந்தபோதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே வந்த பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பதில்லை.

இங்கே தண்ணீரைக் காவல் காக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் எலேனி. இருபத்திரண்டு வயது. உயரமான மர நாற்காலியில் ஊதலோடு உட்கார்ந்திருப்பாள். சிவப்பு மஞ்சள் கொடி பறந்தால் அவள் இருக்கிறாள், இறங்கலாம். முழுச் சிவப்புக் கொடி என்றால் யாரும் கால் நனைக்கக் கூடாது. ஆரஞ்சு நிற மிதவைகளைக் கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் படகு வரும் வழி. பாறைப் பக்கம் முள் உருண்டை மாதிரி ஒரு கடல்பிராணி ஒட்டியிருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். முழங்கால் ஆழம் பதினைந்து அடி வரை, அதற்கப்புறம் தரை சட்டென்று கீழே போய்விடும். எலேனி அந்த இடத்தை எனக்கு நடந்து காட்டினாள். நம் ஏரியில் மண் எடுத்த குழியை யாராவது ஒருத்தர் அப்படிக் காட்டியிருக்கலாம்.

நம் ஆடிக்காற்று மாதிரி இங்கேயும் ஒன்று இந்த மாதம் தொடங்கியிருக்கிறது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அதனால் கரையோரம் தண்ணீர் அலையே இல்லாமல் தட்டில் ஊற்றின மாதிரி நிற்கும். பார்க்கிறவர்கள் சாதுவான கடல் என்று நினைத்து ரப்பர் மெத்தையைப் போட்டு மிதப்பார்கள். மெத்தை நகருவதே தெரியாது, திரும்பிப் பார்த்தால் கரை எங்கேயோ இருக்கும். காற்று நாளில் ரப்பர் சாமான் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று சொல்கிறேன், பயப்படாதே. நான் எண்ணுகிறேன். மணலில் விரித்த துண்டுகளில் பிள்ளைகளுடையது எத்தனை என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வேன். பிறகு தண்ணீரில் பிள்ளைத் தலைகளை எண்ணுவேன், கரையில் விளையாடுகிறவர்களையும் சேர்த்து. தினமும் ஒன்று கூடுதலாக வருகிறது. துண்டு பத்து என்றால் தலை பதினொன்று. மறுபடி எண்ணினாலும் பதினொன்றுதான். எந்தத் தலை கூடுதல் என்று பிரித்துப் பார்க்கப் போனால் சூரியன் கண்ணில் அடிக்கிறது.

கிறிஸ்டோபரிடம் சொன்னேன். "வெயில்ணா, தொப்பி போடு" என்றான். தொப்பி போட்டுக்கொண்டு எண்ணினேன். அப்போதும் ஒன்று கூடுதல்.

தனசேகரன்

---

30.7.2025

ஜோதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் தறியில் உட்காரவில்லை.

பயப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் இல்லை, எனக்கும் அப்படித்தான் நடக்கிறது. மத்தியானம் தெருவில் எல்லாரும் சாப்பிடப் போவார்கள், தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுவிடும். நான் மட்டும் நெய்துகொண்டிருப்பேன். அப்போது வலப்பக்கத்திலிருந்து நாக்குத் தட்டுகிற சத்தம் வருகிறது. தறியில் ஒவ்வொரு இழைக்கும் நீங்கள் தட்டுவீர்களே, அதே சத்தம். ஒரு தட்டு, பிறகு கொஞ்ச நேரம் சும்மா, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தலை கூடுகிறது, எனக்குச் சத்தம் கூடுகிறது. நல்ல குடும்பம் போங்கள்.

நீச்சல் பற்றி மறுபடி நீங்கள் கேட்கவில்லை. அதற்கு நன்றி. ஆனால் கொடி, மிதவை என்று நீங்கள் எழுதியதை ஜோதி எடுத்துப் படித்துவிட்டாள். இப்போது வீட்டுக்குள் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு யாரும் எறங்கக்கூடாது" என்கிறாள். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி போடுங்கள்.

காவேரி

---

24.8.2025

அன்புள்ள காவேரி,

இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் துண்டுகளை எண்ணினேன், ஒன்பது. பதினொரு மணிக்குத் தலைகளை எண்ணினேன், ஒன்பது. சரியாக வந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணமே உறைத்தது. தினமும் ஒன்று கூட வேண்டுமே காவேரி! ஒன்பது என்றால் எட்டுதான், ஒரு பிள்ளை இல்லை.

எலேனியைப் பார்த்துக் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. அவள் பாறைப் பக்கம் முள் குத்திய ஒரு பெரியவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் அப்படியே ஓடிப்போய்ப் பாய்ந்தாள். மிதவைக் கயிற்றுக்கு அந்தப்பக்கம், பாறை நிழலில், மஞ்சள் ரப்பர் வளையத்தில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது, ஐந்து வயது இருக்கும். அழக்கூட இல்லை, கையை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கொண்டுவந்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

அதன் அப்பாவும் அம்மாவும் ஒரே குடையின் கீழ்தான் இருந்தார்கள். நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன் என்று அவர் சொன்னார், அதையே அவளும் சொன்னாள். எலேனி அவர்களைத் திட்டவில்லை. ஒரு அட்டையை எடுத்து அப்பாவின் கழுத்தில் மாட்டினாள். கயிறு கோத்த சின்ன அட்டை. அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் பார்க்க வேண்டும், போனை எடுக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. எழுந்து போக வேண்டுமானால் அட்டையை மற்றவர் கையில் கொடுத்து, "இனி நீ பார்க்கிறாய்" என்று சொல்ல வேண்டும். "நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுப் பதில் வர வேண்டும். வந்த பிறகுதான் நகரலாம்.

கிறிஸ்டோபர் தண்ணீர் கொண்டுவந்தான். அவனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எலேனியிடம் நம் தறியைப் பற்றிச் சொன்னேன். கோர்வைக்கு இரண்டு பேர், இரண்டு பக்கம். நூல் வைத்த நாடாவை நான் விட்டதும் நாக்கால் ஒரு தட்டு. நீ வாங்கிக் கரையோடு கோத்ததும் பதிலுக்கு ஒரு தட்டு. பதில் வராமல் அடுத்த இழை கிடையாது. பதினோரு வருஷத்தில் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்கிறேன். நீ அங்கேயே இருந்தாய், ஆனாலும் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது, ஊரே பார்க்கப் போனது, நாமும் போனோம். நீ ஜோதியை மடியில் வைத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாய். நான் நம் மூத்தவன் குமரனைக் கைப்பிடித்து முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்திருந்தேன். சோளம் வேண்டும் என்றான். உன் பக்கத்தில், நாலடி தூரத்தில், தண்ணீர் ஓரமாக அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நாக்கைத் தட்டினேன். பதில் வந்தது. எனக்குக் கேட்டது. கேட்டபிறகுதான் கரை ஏறினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன்னிடம் கேட்டேன், "நீ பதில் தட்டினியா?" என்று. "எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றாய். அதற்கப்புறம் நான் யாரிடமும் அதைப் பேசவில்லை. பெத்தவன் சோளம் வாங்கப் போயிட்டான் என்று ஊர் சொன்னபோது ஆமாம் என்றேன். உனக்குத் தெரியாமல் காது டாக்டரிடம் போனேன். இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிறது என்றார்.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. கேட்காத சத்தத்தை நம்பிப் போனேனா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இதற்கு மட்டும் பதில் எழுது.

தனசேகரன்

---

18.9.2025

குமரன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஜோதிதான் விடவில்லை.

மத்தியானச் சத்தத்தைப் பற்றி எழுதினேனே, பள்ளி விடுமுறை நாளில்தான் வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. போன சனிக்கிழமை ரேடியோவை வைக்காமல் திரும்பிப் பார்த்தேன். உங்கள் பலகையில், பாவுக்கு அந்தப்பக்கம், ஜோதி உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி தட்டிக்கினு இருக்கே?" என்று கத்தினேன். அவள் பயப்படவே இல்லை. "நீ பதில் சொல்றியான்னு பாக்கிறேன்மா" என்றாள். "அன்னிக்கு ஏரியில அப்பா தட்டினாரு. நீ சொல்லவே இல்லை. உன் மடியிலதானே நான் இருந்தேன்."

நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கேட்டது. நீங்கள் தட்டியது எனக்கு நன்றாகவே கேட்டது.

அன்றைக்குக் காலையில் வேலாயுதம் அண்ணன் வந்திருந்தபோது, நான் கோத்த கரையைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, சேர்ற எடம் பல்லு பல்லா தெரியுது, இவ கை இப்படித்தான்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அத்தனை வருஷம் உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்தவளை வேற்று ஆள் முன்னால் அப்படிச் சொன்னீர்கள். இன்று முழுவதும் இவருக்கு என் நாக்கிலிருந்து ஒரு பதிலும் கிடையாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் தட்டினீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பதில் வராமல் நீங்கள் அசைய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தறியில் ஒருநாளும் அசைந்ததில்லையே. தவிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் பதில் வந்தது. உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. குமரன் தட்டினான்.

எப்போதும் நம்மை மாதிரியே தட்டிக் காட்டுவானே, அப்படித்தான். "நானே சொல்லிட்டேன்மா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இவனும் அப்பன் பக்கம் என்று எரிச்சலாக வந்தது. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ஜோதிக்குச் சடை பின்ன ஆரம்பித்தேன். நீங்கள் கரை ஏறியதை நான் பார்க்கவில்லை. அவனோடு தண்ணீரிலேயே நிற்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு சடை பின்னுகிற நேரம். ரிப்பன் கட்டிவிட்டு நிமிர்ந்தால் நீங்கள் இரண்டு சோளத்தோடு மேலேயிருந்து இறங்கி வருகிறீர்கள், "குமரன் எங்க?" என்று கேட்டுக்கொண்டு.

அந்தக் குழிக்குள் போகும்போது அவன் சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும், நாலடிதானே. சத்தமே வரவில்லை.

பதினாறாம் நாள் உங்களிடம் பொய் சொன்னேன். ஊர் உங்களைப் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊரை விட்டுப் போனபோதுகூட, போகட்டும், எதிரில் இருந்தால் ஒரு நாள் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். என் மேல் கோபம் வந்தால் அதை நான் தாங்கிக்கொள்வேன். நீங்கள் உங்கள் காதை நம்பாமல் டாக்டரிடம் போனீர்கள் என்று படித்ததுதான் தாங்கவில்லை.

காவேரி

---

12.10.2025

காவேரி,

மூன்று நாள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். நாலு வருஷம் நான் பைத்தியக்காரனைப் போல என் காதை நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது நீ எல்லாம் தெரிந்து எதிரில் சோறு போட்டாய். அதை நினைத்தால் இந்தத் தாளைக் கிழிக்கத் தோன்றுகிறது. கரையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது நான்தான் என்பதும் கூடவே நினைவு வருகிறது. அன்றைக்கு வேலாயுதம் போன பிறகு நானே உற்றுப் பார்த்தேன். பல் தெரிந்தது என் பக்கத்து இழுப்பால். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலங்கல் பார்க்கப் போகலாம் என்று கிளப்பினதே அதை மறைக்கத்தான்.

ஆக, நான் கேட்டது அவன் குரல். அவன் எனக்குக் கடைசியாகச் சொன்னது, போயிட்டு வா என்று. அது எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை நீதான் கொடுத்தாய். இதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் இங்கே கடையைக் கட்டுகிறார்கள், குடைகளை மடக்கிவிட்டேன். எலேனி நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போகும்போது என் கையில் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை இதில் வைத்திருக்கிறேன்.

நான் ஊருக்கு வந்து ஜோதியை நீச்சலுக்குச் சேர்ப்பேன். அவளோடு நானும் தண்ணீரில் இறங்குவேன். நீ கரையில் நிற்க வேண்டும், அட்டை உன் கழுத்தில் இருக்க வேண்டும். நான் தட்ட மாட்டேன், வாயைத் திறந்து சொல்வேன். நீயும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சொல்ல வேண்டும். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

உன்னால் முடியுமா என்று எழுது. எழுத்தில் வர வேண்டும், உன் கையால். அது வராமல் நான் இங்கிருந்து கிளம்ப மாட்டேன். பதில் வந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு இனி ஓர் அடி எடுத்து வைப்பதாக இல்லை.

குடை போட்ட கடைசி நாளன்று மணலில் இரண்டே துண்டுதான் இருந்தது. தலை மூன்று. இப்போதெல்லாம் நான் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

தனசேகரன்

---

3.11.2025
ஐயம்பேட்டை

குமரன் அப்பாவுக்கு,

அட்டை வந்தது. ஜோதி கயிற்றைச் சின்னதாக முடிந்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. இன்று காலை ஜோதியை இடுப்பில் தூக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே நடந்தாள். நான் ஒரு கை தூரத்தில் கூடவே நடந்தேன்.

நான் பார்க்கிறேன். நீங்கள் வாருங்கள்.

காவேரி